சர்வரில் லினக்ஸ் கெர்னல் மாற்றுவது: சேலம், ஏற்காடு பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் சின்னத் தொழில்கள் பலவற்றில் ஒரு லினக்ஸ் சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கணக்கு, சேகோ ஆலையில் எடைமேடைப் பதிவு, ஏற்காட்டு காட்டேஜில் ரூம் புக்கிங் என்று வேலை மட்டும் மாறும். அதைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் முழுநேரக் கணினி ஆள் இல்லை. பில் போடும் தம்பியாக இருப்பார், முதலாளி மகளாக இருப்பார், இல்லையென்றால் பல இடங்களுக்கும் போய் வரும் என்னைப் போன்ற ஒருவர். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் என்றதும் இவர்கள் கேட்கிற கேள்விகளும் பதில்களும் கீழே.

கெர்னலை மட்டும் ஏன் தனியாகப் பேச வேண்டும்? மற்ற அப்டேட் மாதிரிதானே?

இல்லை. பிரவுசரோ டேட்டாபேஸோ கெட்டால் அது மட்டும்தான் நிற்கும், மெஷினுக்குள் நுழைந்து சரிசெய்துவிடலாம். வட்டு, மெமரி, நெட்வொர்க் கார்டு எல்லாவற்றையும் கையில் வைத்திருப்பது கெர்னல். அது எழாவிட்டால் நுழையவே வழி கிடையாது. இன்னொன்று, புதுக் கெர்னல் இறங்கிவிட்டாலும் ரீபூட் செய்யும்வரை ஓடுவது பழையதுதான். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

சர்வர் நன்றாக ஓடுகிறது. ஏன் தொட வேண்டும்?

பாதுகாப்புக்காக. 2016-இல் வெளியே தெரிந்த ‘டர்ட்டி கவ்’ என்ற ஓட்டை 2007-இலிருந்தே கெர்னலுக்குள் இருந்தது. சாதாரண யூசர் கணக்கு ஒன்று கையில் இருந்தால் போதும், ரூட் (மெஷின் முழுவதையும் ஆளும் கணக்கு) ஆகிவிடலாம். 2022-இல் வந்த ‘டர்ட்டி பைப்’பும் அதே ரகம், 5.8 முதலான கெர்னல்களைப் பாதித்தது. “எங்கள் சர்வருக்கு வெளியாள் யார் வரப்போகிறார்?” என்று கேட்பார்கள். அந்த மெஷினிலேயே ஒரு வெப்சைட்டும் ஓடினால், அந்த வெப்சைட்டின் ஓட்டை வழியாக உள்ளே வந்தவர் அந்த நிமிடமே உங்கள் சாதாரண யூசர்தான். அடுத்த படிக்கு அவர் தேடுவது பழைய கெர்னலை.

உபுண்டு (லினக்ஸின் ஒரு வகை) தானாகவே அப்டேட் இறக்கிக்கொள்கிறது. அது போதாதா?

இறக்குகிறது, ஆனால் ரீபூட் செய்வதில்லை. உபுண்டு சர்வரில் பாதுகாப்பு அப்டேட்கள் தானாக நிறுவப்படும். நாமாக அமைத்துவிட்டால் தவிர அது மெஷினை ரீஸ்டார்ட் செய்யாது. ‘வார் ரன்’ ஃபோல்டரில் ‘ரீபூட்-ரிக்வயர்ட்’ என்று ஒரு கோப்பை வைத்துவிட்டுக் காத்திருக்கும். லாகின் செய்தால் ‘ரீஸ்டார்ட் தேவை’ என்று ஒரு வரி காட்டும். யாரும் லாகின் செய்யாத மெஷினில் அதைப் படிக்க ஆள் ஏது?

இதை நம் ஊர் நிலைமையோடு சேர்த்துப் பாருங்கள். சர்வர் மாதக்கணக்கில் ஓடுகிறது. பின்னால் நாலைந்து கெர்னல்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துவிட்டன, எதிலும் மெஷின் ஒருமுறைகூட எழுந்ததில்லை. சித்திரை முடிவில் ஒரு சாயங்காலம் இடி மழை, கரண்ட் போகிறது. யுபிஎஸ் பேட்டரி பழசு, அரை மணி தாங்கவில்லை. கரண்ட் வந்ததும் சர்வர் தானே எழும்புகிறது, இதுவரை யாரும் சோதிக்காத கெர்னலில். எழுந்தால் நல்லது. எழாவிட்டால் ராத்திரி 9 மணிக்கு ஃபோன் வரும். அப்போது கெர்னல் கோளாறா, கரண்ட் போனதில் வட்டு அடிபட்டதா, எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

மின்தடை உள்ள ஊரில் ரீபூட்டை முழுக்கத் தவிர்க்க முடியாது. நாம் குறித்த நேரத்தில் செய்வது, இல்லையென்றால் கரண்ட் குறித்த நேரத்தில் நடப்பது, இரண்டில் ஒன்று. இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எல்லாப் பதிலும் இதிலிருந்து வருவதுதான்.

எங்கள் கெர்னல் 5.14 என்று காட்டுகிறது. மிகவும் பழசா?

‘யூநேம் -ஆர்’ என்று கொடுத்தால் வரும் எண்ணை மட்டும் வைத்துப் பதற வேண்டாம். ரெட்ஹேட் 9, அல்மா 9, ராக்கி 9 ஆகிய லினக்ஸ் வகைகள் எல்லாமே 5.14-இல்தான் இருக்கும். புதிய பாதுகாப்புத் திருத்தங்களை எடுத்துப் பழைய எண்ணிலேயே தைத்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம். உபுண்டு 22.04 தொடங்கியது 5.15-இல், 24.04 தொடங்கியது 6.8-இல். டெபியன் 12-இல் 6.1, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 6.12. பார்க்க வேண்டியது முதல் எண்ணை மட்டும் அல்ல, அதற்குப் பின்னால் வருவதையும் சேர்த்து முழு எண்ணை. அது உங்கள் டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) கடைசியாக வெளியிட்டதோடு பொருந்தினால் சரி.

வந்த அன்றே போட்டுவிடலாமா?

கடைக்கு ஓடும் சர்வரில் நான் போடமாட்டேன். 2023 டிசம்பரில் டெபியன் 12.3 வரவிருந்தது. அதில் சேரவிருந்த 6.1.64 கெர்னலில் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் தரவு கெடும் அபாயம் இருப்பது கடைசி நேரத்தில் தெரிந்தது. வெளியீட்டையே நிறுத்தி, திருத்திய கெர்னலோடு டிசம்பர் 10-ஆம் தேதி 12.4 என்று விட்டார்கள். அன்று அவசரப்படாமல் ஒரு வாரம் பொறுத்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டையை வைத்து ஆட்கள் தாக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தால் மட்டும் அன்றே போடுங்கள். மற்ற நேரத்தில், வீட்டிலோ ஆபீஸிலோ இருக்கும் முக்கியமில்லாத ஒரு மெஷினில் போட்டுப் பார்த்து, ஒரு வாரம் விட்டு சர்வருக்கு வாருங்கள்.

எந்த நாளில், எந்த நேரத்தில் செய்வது?

பலரும் ராத்திரி, வேலை முடிந்த பிறகு என்பார்கள். மெஷின் எழாவிட்டால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு. அதனால் காலை, கடை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால். பகல் முழுக்கக் கையில் இருக்கும், ஒரு பாகம் போனாலும் வாங்கக் கடை திறந்திருக்கும். ஜிஎஸ்டி பார்க்கும் ஆபீஸாக இருந்தால் 11-ஆம் தேதியையும் 20-ஆம் தேதியையும் ஒட்டி வேண்டவே வேண்டாம். ரிட்டர்ன் கெடு அந்த நாட்களில்தான்.

கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அன்று செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சர்வர் உள்ளூருக்கு மட்டும் வேலை செய்தால் அருமையான நாள். ஈரோட்டிலோ கோவையிலோ கிளை இருந்தால் அவர்களுக்கு அன்று வேலைநாள், மறந்துவிடாதீர்கள். ஏற்காட்டில் சனி, ஞாயிறும், மே மாதக் கோடை விழாவும் ஆகாது. வாரநடுவில் ஒரு காலைதான் சரி.

தொடங்கும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?

பேக்கப் எடுங்கள். எடுத்ததைத் திறந்தும் பாருங்கள். யுபிஎஸ் பேட்டரியை ஒருமுறை சோதித்துவிடுங்கள். இவை எல்லாருக்கும் தெரிந்தவை. பலர் செய்யாத ஒன்று உண்டு: புதுக் கெர்னல் போடுவதற்கு முன்னால், இப்போது ஓடும் பழைய கெர்னலிலேயே ஒருமுறை ரீபூட் செய்யுங்கள்.

வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் நெடுநாள் ஓடிய மெஷினில் யார் யாரோ என்னென்னவோ மாற்றியிருப்பார்கள், அது ரீபூட்டில்தான் தெரியவரும். நான் அடிக்கடி பார்ப்பது எஃப்எஸ்டேப் (மெஷின் எழும்போது எந்தெந்த வட்டை இணைக்க வேண்டும் என்று சொல்லும் கோப்பு) வரி. பேக்கப்புக்காக யாரோ ஒரு யுஎஸ்பி வட்டைச் சேர்த்து எஃப்எஸ்டேபில் எழுதியிருப்பார்கள். வட்டு இல்லாவிட்டாலும் எழும்பு என்று சொல்லும் ‘நோஃபெயில்’ என்ற சொல்லைப் போட்டிருக்கமாட்டார்கள். அப்புறம் அந்த வட்டைக் கழற்றி எங்கேயோ கொண்டுபோயிருப்பார்கள். ஓடும்போது ஒன்றும் தெரியாது. ரீபூட் செய்ததும் மெஷின் அந்த வட்டுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்து, எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். அதே நாளில் கெர்னலும் மாற்றியிருந்தால் பழி கெர்னல் மேல்தான் விழும். பழைய கெர்னலில் முதலில் ரீபூட் செய்துவிட்டால் பழைய கோளாறு பழைய கணக்கிலேயே தீர்ந்துவிடும். டேட்டாபேஸை முறையாக நிறுத்திவிட்டு ரீபூட் கொடுங்கள்.

‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று வந்து பாதியில் நின்றுவிட்டது. வட்டில் இடம் நிறைய இருக்கிறதே?

வட்டில் இருக்கலாம், ‘பூட்’ பகுதியில் இருக்காது. எல்விஎம்மோ (வட்டைப் பகுதிகளாகப் பிரித்தாளும் முறை) என்க்ரிப்ஷனோ போட்டு நிறுவிய பழைய உபுண்டு சர்வர்களில் பூட்டுக்குத் தனியாகச் சின்னப் பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கெர்னலுக்கும் ஒரு இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு (எழும்பும்போது முதலில் தேவைப்படும் டிரைவர்கள் உள்ளது) அங்கே வந்து உட்காரும். ஒன்று 100 எம்பி அளவுக்குக்கூடப் போகும். நாலைந்து சேர்ந்தால் இடம் தீர்ந்தது.

இந்த நிலையில் ரீபூட் செய்யவே கூடாது. புதுக் கெர்னல் வந்திருக்கும், அதற்குரிய இனிட்ராம்எஃப்எஸ் பாதி எழுதப்பட்டிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. கிரப் (எந்தக் கெர்னலில் எழுவது என்று தேர்ந்தெடுக்கும் நிரல்) மெனுவில் அந்தக் கெர்னல் முதலிடத்தில் நிற்கும். எழுப்பினால் திரையில் ‘விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்’ என்று வந்து பேனிக் ஆகிவிடும், அதாவது கெர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிடும். வட்டைப் படிக்கும் டிரைவர் அந்த இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்தான் இருக்கிறது, அது இல்லாமல் ரூட் வட்டைக் கெர்னலால் காண முடியாது.

வழி இதுதான். ‘டிஎஃப் -ஹெச்’ கொடுத்து பூட் பகுதி நிரம்பியதை உறுதி செய்யுங்கள். ‘யூநேம் -ஆர்’ கொடுத்து ஓடும் கெர்னலின் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதைத் தொடக் கூடாது. பிறகு, தேவையில்லாத பழைய கெர்னல்களை நீக்க ‘ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்’. அது மறுத்தால், நிறுவியுள்ள கெர்னல்களைப் பட்டியலிட்டு மிகப் பழையதை மட்டும் பேக்கேஜ் பெயர் சொல்லி நீக்குங்கள். கோப்புகளைக் கையால் அழிப்பது கடைசி வழி. அழித்தால் பேக்கேஜ் மேனேஜருக்குக் கணக்கு உதைக்கும். இடம் வந்ததும் ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’, பிறகு எல்லாக் கெர்னலுக்கும் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’, கடைசியாக ‘அப்டேட்-கிரப்’. மூன்றும் பிழையில்லாமல் முடிந்த பிறகே ரீபூட். ரெட்ஹேட் குடும்பத்தில் இந்தத் தொல்லை குறைவு. அங்குள்ள பேக்கேஜ் மேனேஜரான டிஎன்எஃப் இயல்பாகவே 3 கெர்னல்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது.

சர்வர் ஏற்காட்டில், நான் சேலத்தில். அங்கே லினக்ஸ் தெரிந்தவர் யாருமில்லை. எப்படித் துணிவது?

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. நல்ல நாளில் போய்விடலாம். மழையென்றால் பாதையே இருக்குமா என்று தெரியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். அதனால் மலைமேல் இருக்கும் மெஷினுக்குத் திரும்பும் வழியை முதலில் போட வேண்டும், புதுக் கெர்னல் அப்புறம்.

கிரப்பில் இதற்கு நல்ல ஏற்பாடு உண்டு. கிரப் அமைப்புக் கோப்பில் ‘கிரப்_டிஃபால்ட்’ என்பதை ‘சேவ்ட்’ என்று மாற்றுங்கள். கெர்னல் அளவுருக்களில் ‘பேனிக்=10’ என்று சேருங்கள். ‘அப்டேட்-கிரப்’ ஓட்டிவிட்டு, ‘கிரப்-செட்-டிஃபால்ட்’ மூலம் இப்போது நன்றாக ஓடும் பழைய கெர்னலையே நிரந்தரத் தேர்வாக வையுங்கள். கடைசியில் ‘கிரப்-ரீபூட்’ கொடுத்துப் புதுக் கெர்னலைச் சொல்லுங்கள். இது அடுத்த ஒரு பூட்டுக்கு மட்டுமே செல்லும். ரீபூட் செய்ததும் மெஷின் புதியதில் எழும்பப் பார்க்கும். பேனிக் ஆனால் 10 விநாடியில் தானே ரீபூட் ஆகும், இந்த முறை பழையதில். ‘பேனிக்=10’ இல்லாவிட்டால் அப்படியே உறைந்து நிற்கும், யாராவது பவர் பட்டனை அமுக்கும்வரை. டெபியன், உபுண்டுவில் ரூட் வட்டு கிடைக்காமல் இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் போய் நிற்பதையும் இதே அளவுரு தடுத்து ரீபூட் செய்ய வைக்கும்.

ஒரு எச்சரிக்கை. பூட் பகுதி எல்விஎம் மேலோ மென்பொருள் ரெய்ட் (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது) மேலோ இருந்தால், பூட் நேரத்தில் கிரப்பால் தன் குறிப்பை அழித்து எழுத முடியாது. ‘ஒரு முறை மட்டும்’ என்பது நடக்காது. அந்த மெஷினில் இந்த வழியை நம்பி இறங்க வேண்டாம், நேரில் போங்கள்.

இன்னொரு ஓட்டை மிச்சம் இருக்கிறது. கெர்னல் எழுந்துவிட்டது, நெட்வொர்க் மட்டும் வரவில்லை என்றால் பேனிக் ஆகாது. மெஷின் உயிரோடு இருக்கும், நமக்கு எட்டாது. அதற்குக் கிரானில் (வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) ‘@ரீபூட்’ வரி ஒன்று போட்டுவையுங்கள், மெஷின் எழும்போதெல்லாம் ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். ஸ்கிரிப்ட் முதலில், ரீபூட்டுக்கு முன் நாம் வைத்த ஒரு அடையாளக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதை அழித்துவிட்டு, 10 நிமிடம் காத்திருந்து ரவுட்டரை பிங் செய்ய வேண்டும். பதில் வராவிட்டால் ரீபூட். அடையாளக் கோப்பை முதலிலேயே அழிப்பது முக்கியம். ரவுட்டரே அணைந்திருந்தால் மெஷின் விடியவிடிய ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கும்; இது அதைத் தடுக்கும். ஐபிஎம்ஐ போர்ட் (மெஷின் எழாவிட்டாலும் தூரத்திலிருந்து கையாளும் வழி) உள்ள சர்வராக இருந்தால் இவ்வளவும் தேவையில்லை, கேபிளை மட்டும் செருகிவையுங்கள்.

எல்லாம் சரியாக எழுந்த பிறகு ‘கிரப்-செட்-டிஃபால்ட்’ கொடுத்துப் புதியதை நிரந்தரமாக்க மறக்காதீர்கள். மறந்தால் அடுத்த மின்தடையில் மெஷின் சத்தமில்லாமல் பழைய கெர்னலுக்குத் திரும்பிவிடும். அதோடு, மெஷினில் ஒரு தாள் ஒட்டுங்கள், தமிழில்: “கிரப் மெனு வந்ததும் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்ற வரிக்குப் போய் என்டர்; அங்கே இந்த எண் உள்ள வரியில் என்டர்.” எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். ஃபோனில் சொல்லச் சொல்லச் செய்ய, அங்குள்ள அக்காவுக்கோ வாட்ச்மேன் அண்ணாவுக்கோ இந்தத் தாள் போதும்.

புதுக் கெர்னலில் ஒரு டிரைவர் மட்டும் வேலை செய்யவில்லை. ஏன்?

அது கெர்னலோடு வராத, வெளியிலிருந்து போட்ட டிரைவராக இருக்கும். என்விடியா, இசட்எஃப்எஸ் (ஒரு கோப்பு முறை), சில நெட்வொர்க் கார்டுகள் இப்படி. இவற்றை ஒவ்வொரு கெர்னலுக்கும் புதிதாகக் கட்டுவது டிகேஎம்எஸ். அதற்கு அந்தக் கெர்னலுக்கான ஹெடர் பேக்கேஜ் வேண்டும். ரீபூட்டுக்கு முன்பே ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ கொடுத்து, புது எண்ணுக்கு எதிரே ‘இன்ஸ்டால்டு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். தரவு இசட்எஃப்எஸ் மேல் இருந்தால் இதைப் பார்க்காமல் ரீபூட் கொடுக்கக் கூடாது. செக்யூர் பூட் ஓடும் மெஷினில் கையெழுத்திடாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது, அதையும் கவனியுங்கள்.

நெட்வொர்க் கார்டின் பெயர் மாறிவிட்டதே?

டிரைவர் மாறும்போது சில கார்டுகளில் பெயரின் கடைசியில் ‘என்பி0’ என்று ஒட்டிக்கொள்ளும். அமைப்புக் கோப்பில் பழைய பெயர் இருப்பதால் ஐபி கிடைக்காது. நெட்பிளானில் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பு) பெயருக்குப் பதிலாக மேக் முகவரியை (கார்டின் சொந்த எண்) வைத்துக் கார்டை அடையாளம் காட்டிவிட்டால் இந்தப் பிரச்சினை திரும்ப வராது.

ரீபூட்டே இல்லாமல் லைவ்பேட்ச் போட்டுவிடலாம் என்கிறார்களே?

உண்மைதான். ஓடும் கெர்னலிலேயே திருத்தத்தை ஏற்றும் வசதி 2015-இல் 4.0 பதிப்பிலேயே வந்துவிட்டது. உபுண்டு ப்ரோவில் 5 மெஷின் வரை இலவசமாகக் கிடைக்கிறது. அவசர ஓட்டை வந்து, நல்ல நேரம் வரும்வரை தாக்குப்பிடிக்க இது அருமையான துணை. ஆனால் எல்லாத் திருத்தத்தையும் இப்படி ஏற்ற முடியாது. மேலும் லைவ்பேட்ச் இருக்கிறது என்று வருடக்கணக்கில் ரீபூட்டைத் தள்ளினால், மேலே சொன்ன மின்தடை இரவு இன்னும் கடினமாகத்தான் வரும். வைத்துக்கொள்ளுங்கள், ரீபூட்டையும் செய்யுங்கள்.

எங்கள் மென்பொருள் டாக்கர் கன்டெய்னரில் (தனிப் பெட்டி போல) ஓடுகிறது. கன்டெய்னருக்குள் கெர்னல் மாற்ற வேண்டுமா?

கன்டெய்னருக்குத் தனிக் கெர்னல் கிடையாது, அது ஓடுவது ஹோஸ்ட் மெஷினின் கெர்னலில். ஹோஸ்டில் மாற்றினால் போதும். வாடகைக்கு எடுத்த விபிஎஸ் (பெரிய சர்வரில் ஒரு பங்கு) தனிக் கெர்னல் உள்ள கேவிஎம் வகையென்றால் நீங்களே மாற்றலாம். ஹோஸ்டின் கெர்னலையே பகிரும் ஓபன்விஇசட், எல்எக்ஸ்சி வகையென்றால் அது கொடுப்பவர் வேலை.

நாமே மூலநிரலிலிருந்து கெர்னல் கட்டிப் போடலாமா?

கற்றுக்கொள்ள வீட்டு மெஷினில் தாராளமாகச் செய்யுங்கள், நல்ல பயிற்சி. கடை சர்வரில் வேண்டாம். போட்ட அன்றிலிருந்து ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தமும் உங்கள் பொறுப்பாகிவிடும்.

ரீபூட் ஆகிவிட்டது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் ‘யூநேம் -ஆர்’, புது எண்தானா என்று. பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு’. ரெய்ட் இருந்தால் ‘எம்டிஸ்டாட்’ கோப்பில் இரண்டு வட்டும் இருக்கின்றனவா என்று. ‘ஜர்னல்சிடிஎல்’ கொடுத்துக் கெர்னல் பிழைகள். இவ்வளவும் சரியாக இருந்தாலும் வேலை முடிந்ததாகச் சொல்லமாட்டேன். பில் போடுபவரை உட்காரவைத்து ஒரு பில் அடிக்கச் சொல்லுங்கள், பிரின்டரில் வரட்டும். எடைமேடையில் ஒரு வண்டி ஏறட்டும், எண் பதிவாகட்டும். அன்று ராத்திரி பேக்கப் ஓடியதா என்று மறுநாள் பாருங்கள்.

சென்ட்ஓஎஸ் 7 சர்வர் வைத்திருக்கிறோம். கெர்னலை மட்டும் புதுசாக்கினால் போதுமா?

போதாது. அது 3.10 கெர்னல். 2024 ஜூன் 30-ஓடு அப்டேட் நின்றுவிட்டது, கெர்னலுக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும். வேறு டிஸ்ட்ரோவுக்கு மாறுவதுதான் வழி. செகண்ட்ஹேண்ட் சர்வர் என்றால் மாறும் முன் ரெய்ட் கார்டைப் பாருங்கள். ரெட்ஹேட் 8-இலிருந்து பழைய ரெய்ட் கார்டுகள் பலவற்றின் டிரைவரை எடுத்துவிட்டார்கள். சிலவற்றை அல்மா 9.4-இல் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். லைவ் யுஎஸ்பியில் எழுப்பி வட்டு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 32 பிட் மெஷினாக இருந்தால் டெபியன் 13-இல் அதற்குக் கெர்னலே இல்லை.

பழைய கெர்னலை எப்போது நீக்கலாம்?

புதியது ஒரு மாதக் கணக்கு முடிப்பையும், யுபிஎஸ்ஸைத் தாண்டிய ஒரு மின்தடையையும் பார்த்த பிறகு. மின்தடை வராவிட்டால் நீங்களே ஒருமுறை ரீபூட் செய்துவிடுங்கள். அப்போதும் ஓடுவது ஒன்று, அதற்கு முந்தையது ஒன்று என்று இரண்டு எப்போதும் இருக்கட்டும். நீக்கியதும் மெஷினில் ஒட்டிய தாளில் எண்ணை மாற்றி எழுதிவிடுங்கள்.